எழுந்து நின்ற ஆச்சி

உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த ஆச்சி யாரையும் 'வாங்க' என்று சொல்லி நான் பார்த்ததில்லை. பால்காரர் வந்தாலும் எழுந்து நிற்பார்கள். தபால்காரர் வந்தாலும் எழுந்து நிற்பார்கள். வாசல் தெளிக்கிற பெண் சாணி வாளியோடு வந்தாலும் எழுந்து நின்று, "வாத்தா" என்பார்கள். அந்தப் பெண் கூச்சம் தாங்காமல் பின்பக்கமாகவே வந்துபோகப் பழகிக்கொண்டாள். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. இடுப்பில் துணி நிற்காமல் ஓடிவரும் வயது. அதற்கும் எழுந்து நின்று, "வாங்க, வாங்க" என்பார்கள். ஊரில் இல்லாத மரியாதை கிடைத்ததில் என் மகளுக்குத் தலைகால் புரியாது. எங்கள் அறைக்குத் திரும்பி வந்து, நான் ஏன் எழுந்து நிற்கவில்லை என்று என்னிடம் சண்டை பிடிக்கும்.

காரைக்குடிப் பக்கம் பழகியவர்களுக்கு 'வாங்க கேட்பது' என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே செட்டியார் வீடுகளில் உள்ளே வந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாக முகம் பார்த்து 'வாங்க' என்று சொல்ல வேண்டும். கூட்டமாகப் பத்துப் பேர் வந்தால் பத்துத் தரம். ஒருத்தரை விட்டுவிட்டால் தீர்ந்தது கதை. "அவுக வீட்டுக்குப் போனேன், வாங்கன்னு கேக்க ஒராளு இல்ல" என்று அந்தப் பேச்சு அடுத்த தலைமுறைக் கல்யாணம் வரைக்கும் ஓடும். ஆனால் எழுந்து நின்றுதான் கேட்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. வயதானவர்கள் உட்கார்ந்தபடியே கேட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். இந்த ஆச்சிதான் நிற்பார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது, ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"உக்காந்துக்கிட்டு வாங்கன்னா, வந்தா வா, போனாப் போன்ன மாதிரியில்ல இருக்கு," என்றார்கள். "வந்தவுக நிக்கிறாக. நானும் நின்னாத்தானே சரிக்குச் சரி?"

அவ்வளவு பெரிய வீட்டுக்காரர் வாயிலிருந்து 'சரிக்குச் சரி' என்ற வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அன்றைக்கே அவர்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அறுபதுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்கு மின்சார ஆபீசில் மாற்றலாகி நாங்கள் மானாமதுரையிலிருந்து காரைக்குடிக்கு வந்தோம். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடிகிற வீடு அது. பின்கட்டில் இரண்டு அறைகளை எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். முதல்நாள் தெருவாசல் தாண்டி முகப்பு ஹாலுக்குள் நுழைந்தபோது, எதிரே அழுக்குச் சேலையும் மூட்டையுமாக ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். யாரடா இவள் என்று பார்த்தால் நான்தான். ஆள் உயரத்துக்கு ஒரு பெல்ஜியம் கண்ணாடி, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தபடி சுவரில் தொங்கியது. நான் திகைத்து நின்றதைப் பார்த்து, தூண் ஓரத்தில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சி எழுந்து நின்றார்கள். "வாங்க. அந்தக் கண்ணாடியப் பார்த்து நானே நாலு தரம் வாங்க கேட்டுருக்கேன்," என்று சிரித்தார்கள். அப்போது அவர்களுக்கு அறுபது வயது இருக்காது. நினைவும் வாயும் கத்தி மாதிரி இருந்த காலம்.

அந்த வீட்டில் அப்போது இருந்தது ஆச்சியும் மருமகள் மீனாவும்தான். ஆச்சியின் கணவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. ஒரே மகன் பினாங்கில் கடை வைத்திருந்தார், சில வருஷங்களுக்கு ஒருமுறை கப்பலில் வருவார். மீனாவுக்கு என் வயது. அதனால் தன்னைப் பேர் சொல்லியே கூப்பிடச் சொன்னாள். மாமியாரைக் கேலி செய்யவும் அவளுக்குத் தயக்கம் கிடையாது.

"எங்க அயித்தைக்கு எந்திரிக்கிறதும் உக்கார்றதுமே பொழப்பு," என்பாள். "நானெல்லாம் உக்காந்தே கேட்டுக்கிறேம்ப்பா. யாரு முட்டியத் தேய்க்கிறது?"

"மீனா இருக்கிற எடத்துல இருந்தே கேட்டாலும் தெருவுக்குக் கேக்கும். அவளுக்கு என்னத்துக்கு எந்திரிக்கணும்?" என்று ஆச்சியும் விடமாட்டார்கள்.

இவ்வளவு ஒட்டுதலாக இருந்தும், நாங்கள் குடிவந்து சில வருஷங்களில் ஆச்சிக்கு ஏதோ ஆகத் தொடங்கியது மீனாவுக்கு நெடுநாள் தெரியவில்லை. அதற்குக் காரணம் அவள் அல்ல, அந்த ஊர் வழக்கம். மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளானதும் மகனையும் மருமகளையும் 'வேறு வைத்து' விடுவார்கள். வீடு ஒன்றுதான், அடுப்பு மட்டும் தனித்தனி. மாமியார் தனக்குத் தானே பொங்கிக்கொள்வார், மருமகள் அதில் தலையிடக்கூடாது. அது ஒருவகையில் நல்ல ஏற்பாடுதான், சண்டை வராது. ஆனால் ஆச்சி என்ன சமைத்தார்கள், சாப்பிட்டார்களா, இல்லையா, ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. தண்ணீர் ஊற்றாமல் அரிசியை மட்டும் அடுப்பில் ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை முதலில் பார்த்தது பின்கட்டில் இருந்த நான்தான்.

நான் பயந்தது அதற்கல்ல. மறதி யாருக்கு வராது? என் மகள் பேரை ஒரே பேச்சில் நாலைந்து தரம் கேட்பார்கள், நானும் சொல்வேன். நான் பயந்தது ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். கத்திரி வெயில். எனக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கீரை கொடுக்கலாம் என்று போனால், ஆச்சி தன் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு, மகன் வாங்கிவந்த கம்பளியைக் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கம்பளியோடு எழுந்து நின்று, "வாங்க" என்றார்கள்.

"என்ன ஆச்சி, குளுருதா?"

குனிந்து கம்பளியைப் பார்த்தார்கள். "தெரியல. போத்தியிருக்கேன்ல? அப்பக் குளுருதுன்னுதானே அர்த்தம்."

கையைத் தொட்டேன். வெயிலில் கிடந்த ஓட்டைத் தொட்ட மாதிரி இருந்தது. அப்படிக் கொதிக்கிற உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. நெற்றியில் இல்லை, கழுத்தில் இல்லை, கம்பளிக்குள் கையை விட்டு முதுகைத் தடவினேன், அங்கும் இல்லை. தனக்குச் சுடுகிறதா குளிர்கிறதா என்று தன் மேல் கிடக்கிற துணியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை. மீனாவைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாகக் கம்பளியை எடுத்துவிட்டு ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டோம். அன்றோடு மீனா அந்தத் தனி அடுப்பை அணைத்தாள். சொந்தக்காரர்கள் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று மாமியாருக்குத் தானே பொங்கிப் போட ஆரம்பித்தாள்.

அதே வருஷம் ஆவணியில் என் அம்மா மானாமதுரையிலிருந்து என்னைப் பார்க்க வந்தாள். முகப்புக்குள் அம்மா கால் வைத்ததும் ஆச்சி எழுந்தார்கள். "வா" என்றார்கள். அவ்வளவுதான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை யார் மேலும் இல்லை. நின்ற நிலையிலிருந்து அப்படியே மடிந்து விழுந்தார்கள். என் அம்மா ஆச்சியின் மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. மீனா ஓடிவந்து மடியில் தலையைத் தூக்கப் போனாள். அம்மாதான், "படுக்கவே போடு ஆத்தா, தூக்காத" என்று தடுத்தாள். கொஞ்சநேரத்தில் வெளுத்த உதடு மறுபடி சிவந்தது. கண்மணி அசைந்தது. ஆச்சி என் அம்மாவைப் பார்த்து, படுத்தபடியே, "ங்க" என்றார்கள்.

தொடங்கிய வார்த்தையை முடித்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் எழ முயன்றார்கள். நடுவில் எங்கே போயிருந்தார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அதன்பிறகு அடிக்கடி விழுந்தார்கள். 'வா' என்று விழுந்து, 'ங்க' என்று எழுந்திருப்பது தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது. ஆச்சி போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள் என்றார்கள். எங்கே போய்விட்டு என்பதை யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

பிறகு அவர்கள் ஆளில்லாத இடத்துக்கும் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். அந்த வீட்டில் முகப்புக்கு அடுத்தது வளவு, நடுவில் வானம் தெரிகிற பெரிய முற்றமும் சுற்றிலும் தூண்களுமாக இருக்கும். விளக்கு வைக்கப்போகிற நேரத்தில் அங்கே உட்கார்ந்திருக்கிற ஆச்சி எழுந்து, தூண்களுக்கு நடுவில் வெறும் இடத்தைப் பார்த்து, "வாங்க" என்பார்கள். கொஞ்சம் தள்ளிப் பார்த்து இன்னொரு "வாங்க". ஒவ்வொரு முகமாக, தனித்தனியாக. முறை தப்பாது. குட்டையான ஆளுக்குக் குனிந்து சொல்வதுபோல் ஒருதரம் தலையைத் தாழ்த்திச் சொன்னார்கள். மாவாட்டிக்கொண்டிருந்த இன்னொரு வேலைக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு அவள் வரவே இல்லை.

"யாரு ஆச்சி வந்துருக்கிறது?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"தெரியலையே."

"தெரியாதவுகளுக்கா எந்திரிச்சு நிக்கிறீக?"

"நான் எந்திரிச்சுட்டேன்ல? அப்ப யாரோ வந்திருக்காகன்னுதானே அர்த்தம்," என்றார்கள் பொறுமையாக, புத்தி கட்டையான பிள்ளைக்குச் சொல்வதுபோல. சொல்லிவிட்டு என் தோளுக்கு மேலே பார்த்து ஒரு "வாங்க" சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தைரியசாலி என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தது அன்றோடு போயிற்று.

நேமத்தான்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த ஆச்சியின் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, கையோடு காரணமும் சொல்லிவிட்டார்கள். "படைப்புப் போட்டு எத்தனை வருஷமாச்சு? முன்னோரெல்லாம் வந்து நிக்கிறாக. பசியோட வந்தவுக சும்மாவா போவாக? இவளைத் தள்ளிவிட்டுட்டுப் போறாக."

படைப்பு என்பது முன்னோருக்குத் துணியும் சாப்பாடும் வைத்துக் கும்பிடுவது. பங்காளிகள் எல்லாரும் வரவேண்டும். நாள் பார்த்து நடத்தினார்கள். பக்தியாகத்தான் நடத்தினார்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் எழுந்தால் விழுகிற ஒருவருக்கு வைத்தியமாக ஊரையே கூட்டி வந்து எதிரே நிறுத்தினால் என்ன ஆகும்? வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆச்சி எழுந்தார்கள். விழுந்தார்கள். தண்ணீர் தெளித்து உட்கார வைத்தால், பாதியில் விட்ட 'வாங்க'வை முடித்துவிட்டு அடுத்தவருக்கு எழுந்தார்கள். மத்தியானத்துக்குள் தூணில் மோதி நெற்றி பிளந்துவிட்டது. இலை போட்ட பந்தியை விட்டுவிட்டு மீனாதான் டாக்டருக்கு ஆள் அனுப்பினாள்.

அந்த டாக்டர் அதிகம் பேசாதவர். காயத்தைத் தைத்துவிட்டு, படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார். எங்களைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நிற்க வைத்துப் பார்த்தார். நின்ற மாத்திரத்தில் பாதரசம் சரசரவென்று இறங்கியதை நானே பார்த்தேன். கண்ணில் டார்ச் அடித்தார். எனக்கு அடித்துக் காட்டியபோது என் கண்மணி சுருங்கியதாக மீனா சொன்னாள். ஆச்சியின் கண்மணி விரிந்தது விரிந்தபடியே இருந்தது, வெளிச்சம் அதற்குள் போய் எங்கோ விழுந்துவிட்டது. பிறகு நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, படைப்புப் பாத்திரங்களைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்து ஒரு பித்தளை அண்டா கல்தரையில் விழுந்தது. நாங்கள் எல்லாரும் துள்ளிவிட்டோம். டாக்டரும் துள்ளினார். ஆச்சி மெதுவாகத் தலையைத் திருப்பிச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார்கள்.

டாக்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஆச்சி நாடி ஒரு துடிப்புக்கூட மாறலம்மா."

"அப்படின்னா?" என்றாள் மீனா.

"வேர்க்கிறது, நாடி வேகமா ஓடுறது, கண்மணி சுருங்குறது, இதெல்லாம் நம்ம யாரும் நெனச்சுச் செய்யிறதில்ல. உடம்பு தானாச் செஞ்சுக்கும். நாம எந்திரிச்சு நின்னா ரத்தம் காலுக்கு எறங்கிராம உடம்புதான் இழுத்துப் பிடிக்குது. ஆச்சிக்கு மூளை தேஞ்சுக்கிட்டு வருது. பேரு, நாளு, ஆளு மறந்து போச்சுன்னு உங்களுக்குத் தெரியுது. உடம்பும் தன் வேலைய மறக்க ஆரம்பிச்சிருச்சு. அதான்."

பேய் பிசாசு இல்லை என்று அவர் சொன்னதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் தூங்கும்போது என் நெஞ்சை யார் அடிக்க வைக்கிறார்கள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை, அன்றிலிருந்து யோசிக்க ஆரம்பித்தேன். வெகுகாலம் கழித்து அல்சைமர் என்ற பேரை யாரோ சொல்லக் கேட்டேன். மறதி நோய் என்றார்கள். மறப்பது ஆள் மட்டும் இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

டாக்டர் சில யோசனைகள் சொன்னார். காலில் துணிப்பட்டை சுற்றவேண்டும், உப்பும் தண்ணீரும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், படுக்கையிலிருந்து எழுப்பினால் கொஞ்சநேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைத்துத்தான் நிறுத்தவேண்டும். "தடால்னு எந்திரிக்க விடாதீக. ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் நின்ன நாடி திரும்பி வராமலே போயிரும்," என்றார்.

மற்றதெல்லாம் செய்தோம். எழுந்திருப்பதைத்தான் நிறுத்த முடியவில்லை. பேர் மறந்தது, மகன் முகம் மறந்தது, சாப்பிட்டது மறந்தது. யாராவது வந்தால் எழவேண்டும் என்பது மட்டும் மறக்கவில்லை. வாசல் கதவைச் சாத்திவைத்தோம். ஆளைப் பார்க்காவிட்டால் காலடிச் சத்தத்துக்கு எழுந்தார்கள். சத்தமும் இல்லாவிட்டால் சத்தமில்லாததற்கு எழுந்தார்கள். தெரிந்தவர்களெல்லாம் அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிலர் இரக்கத்தால், பலர் பயத்தால்.

அந்தச் சமயத்தில்தான் பினாங்கிலிருந்து மீனாவின் வீட்டுக்காரர் தைக்குள் வருவதாகத் தகவல் வந்தது. "போகையில அவுக ஒரே வார்த்தைதான் சொன்னாக, ஆத்தாளப் பார்த்துக்கன்னு," என்றாள் மீனா. "அவுக வந்து பாக்குற வரைக்கும் அயித்தை விழாம இருக்கணும். வேற எதுவும் நான் கேக்கல." அவள் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. யாரிடம் கெஞ்சினாள் என்றும் தெரியவில்லை, எதிரே நான்தான் இருந்தேன்.

வழி தற்செயலாகக் கிடைத்தது. தையல் பிரிக்க டாக்டர் வந்து வளவில் உட்கார்ந்திருந்தார். குளிப்பாட்டிவிட்டு மீனா ஆச்சியை நடத்திக் கூட்டிவந்தாள். டாக்டர் மரியாதைக்கு எழுந்து நின்று, "வாங்க ஆச்சி, உக்காருங்க" என்றார். ஆச்சி ஒரு நொடி அவரைப் பார்த்தார்கள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, புது இடத்துக்கு வந்தவர் மாதிரிக் கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். அதற்குப்பிறகு நான் உள்ளே போனேன், ஆச்சி எனக்காக எழவில்லை. நேமத்தான்பட்டி ஆச்சி வந்தார்கள், அவர்களுக்காகவும் எழவில்லை. மீனா என் கையைப் பிடித்து அழுத்தினாள். விருந்தாளி எழுந்து நின்று வாங்க கேட்கமாட்டாரே!

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆச்சியைக் கண்டால் எல்லாரும் முந்திக்கொண்டு சொன்னோம்: "வாங்க ஆச்சி, உக்காருங்க." பால்காரர் சொன்னார். என் மகள் சொன்னாள். காலையில் கண் விழித்ததும் மீனா சொன்னாள். ஆச்சி விழுவது நின்றது. மீனா முகத்தில் சிரிப்பு திரும்பியது. ஆச்சி மட்டும் தன் சொந்த வீட்டில் விருந்தாளியானார்கள்.

விருந்தாளிக்கு உள்ள குணமெல்லாம் வந்துவிட்டது. இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடமாட்டார்கள், "போதுங்க, வயிறு நெறஞ்சிருச்சு" என்பார்கள். விருந்தாளியைக் கெஞ்சுவதுபோல், "இன்னும் ஒரு கை, எனக்காக" என்று மீனா கெஞ்ச வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர்கூடக் கேட்கமாட்டார்கள். தூண்களையும் கூரையையும் அண்ணாந்து பார்த்து, "வீடு நல்லாக் கட்டியிருக்கீக," என்பார்கள். பொழுது சாய்ந்தால் மட்டும் நிலைகொள்ளாது.

"நேரமாச்சு. எங்க வீட்ல வெளக்கு வைக்கணும்."

"இருங்க ஆச்சி, போகலாம்."

"இருக்கேன். ஆனா இந்த வீட்டு ஆச்சி எங்க? வந்ததுல இருந்து பாக்குறேன், காணோம். அவுககிட்டச் சொல்லாம எப்படிப் போறது?"

"குன்றக்குடிக் கோயிலுக்குப் போயிருக்காக, வந்துருவாக," என்றாள் மீனா.

"நீங்க அவுக மருமகளா? மாமியா எப்படி?"

"ரொம்ப நல்லவுக."

"யாரு வந்தாலும் எந்திரிச்சு நிப்பாகளாமே. கேள்விப்பட்டிருக்கேன். ஒருதரம் பார்த்துட்டுப் போயிரணும்," என்றார்கள். மீனா ஏதோ அடுப்பில் இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

தினமும் இதே பேச்சு. தினமும் குன்றக்குடி. சொல்லிச் சொல்லி எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. சாயங்காலத்தில் தெருவாசல் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டால், ஆச்சி வந்துவிட்டார்களோ என்று சட்டென்று திரும்பிப் பார்ப்பேன். ஆச்சி என் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களும் அதே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த வீட்டு ஆச்சி வெளியே போயிருக்கிறார்கள், ஒருநாள் வரத்தான் போகிறார்கள் என்று நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

மார்கழி முடியும்போது கப்பல் மதராசுக்கு வந்துவிட்டது. மறுநாள் ரயிலில் வருவதாகச் செய்தி. வளவுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு மேலே தெறிக்குமே என்று ஆச்சியை முகப்பு ஹாலுக்குக் கூட்டிவந்து ஒரு பெரிய நாற்காலியில் உட்கார வைத்தோம். நல்ல காலை வெயில் உள்ளே வந்திருந்தது. மீனா பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டினாள். நான் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

"வந்துட்டாக," என்றார்கள் ஆச்சி.

நான் வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. ஆச்சி பார்த்தது வாசலை அல்ல, எதிர்ச் சுவரை. பெல்ஜியம் கண்ணாடிக்குள் பெரிய நாற்காலியில், வெளுத்த சேலையும் நெற்றித் தழும்புமாக ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, என் முதல்நாள் ஞாபகத்தில். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஆச்சி நாற்காலிக் கைகளைப் பிடித்துவிட்டார்கள்.

வருகிறவர்களுக்காக எழாமல் இருக்க வழி கண்டுபிடித்தோம். விருந்தாளி புறப்படும்போது எழுந்துதான் ஆகவேண்டும் என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவே இல்லை.

ஆச்சி எழுந்தார்கள். கண்ணாடிக்குள்ளும் எழுந்தார்கள். "பாருங்க, எந்திரிச்சுட்டாக," என்றார்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்து வருஷங்களாகியிருந்தன. "சொன்னாக, சரியாத்தான் சொன்னாக." இரண்டு கையையும் கூப்பினார்கள். எதிரே அவர்களும் கூப்பினார்கள். மீனா பூவைப் போட்டுவிட்டு எழுவதற்குள், "போயிட்டு" என்றார்கள் ஆச்சி. முகம் வெளுத்தது.

மீனா தாங்கிப் பிடித்துவிட்டாள். தலையில் அடிபடவில்லை. பழக்கப்படி படுக்க வைத்தோம், காலைத் தூக்கித் தலையணையில் வைத்தோம், கையைத் தேய்த்தோம். பிறகு எப்போதும்போல் காத்துக்கொண்டிருந்தோம். வெள்ளையடிக்கிறவர்கள் வந்து நின்றார்கள். யாரோ டாக்டரைக் கூட்டிவந்தார்கள். அவர் நாடியைப் பிடித்தார், கழுத்தில் கை வைத்தார், என்னைப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தேன்.

"ஏன் அழுகுற? இரு," என்றாள் மீனா. "அயித்தை இன்னும் சொல்லி முடிக்கல."

பொழுது சாயும்வரை அவள் அப்படியே காத்திருந்தாள். 'வாரேன்' என்ற அந்த ஒரு வார்த்தை வரவே இல்லை.

வளவில் சுண்ணாம்பு காயவில்லை என்பதால் முகப்பிலேயே கிடத்தினார்கள். மறுநாள் காலையில் ஊர் கூடியது. சாவு வீட்டில் யாரையும் வாங்க கேட்கக்கூடாது. போகிறவர்களும் போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. அந்த வீட்டுக்குள் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஒருவரையும் யாரும் ஏனென்று கேட்கவில்லை. பயந்து சுற்றிப்போனவர்களெல்லாம் வந்தார்கள். வாசல் தெளிக்கிற பெண் அன்றைக்குத்தான் முன்வாசல் வழியாக வந்தாள். அவள் வந்ததும், தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மீனா எழுந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. நின்றுவிட்டு உட்கார்ந்தாள். அடுத்தவர் வந்ததும் மறுபடி எழுந்தாள்.

"உக்காரு ஆத்தா. இன்னைக்கு யாருக்கும் எந்திரிக்கக் கூடாது," என்று நேமத்தான்பட்டி ஆச்சி அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். மீனா கேட்கவில்லை.

ரயிலிலிருந்து இறங்கி நேரே வந்த மகன் பெட்டியோடு வாசலில் நின்றார். மீனா எழுந்து நின்றாள். அவளுக்கு எதிர்ச் சுவரில், கண்ணாடிக்குள்ளும் யாரோ எழுந்து நிற்பது என் கடைக்கண்ணில் பட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.